ஆவாரம்பட்டையும் டேனிஷ் நாற்காலியும்

தர்மபுரிக்கு வருவதற்கு முன்பே தாமஸ் மன்றோவுக்குப் படுக்கை விஷயத்தில் போதும் போதும் என்றாகியிருந்தது. கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்த அந்த ஸ்காட்லாந்து இளைஞர், 1789இல் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் மனக்குறையைக் கொட்டியிருக்கிறார். வந்து மூன்று ஆண்டுவரை அவருக்குத் தலையணை ஒரு புத்தகம், அது இல்லாவிட்டால் தோட்டாப் பை. கட்டில் என்று பேர், நான்கு குறுக்குக் கம்புகளின் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். இந்தியாவுக்குப் போனவன் பட்டு மெத்தையில் புரள்கிறான் என்று ஊரில் நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதில்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனியின் கைக்கு மாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரி வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் மன்றோவும் ஒருவர். 1799 வரை அவருக்குத் தர்மபுரிப் பக்கம்தான் வேலை. ஆசையாக வளர்த்த தோட்டம் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் நிலத்தை அளக்கவும் கணக்குப் பார்க்கவும் ஊர் ஊராகக் கூடாரத்தோடு அலைய வேண்டும். இன்று ஒகேனக்கல்லுக்குப் போகும் சுற்றுலா வண்டிகள் நிற்காமல் தாண்டிப்போகிற இண்டூரும் சுற்றுப்பட்டு ஊர்களும் அந்த நிர்வாகத்துக்குள் வந்தவைதான்.

கூடாரத்தோடு அலையும் அரசாங்கத்துக்கு மேசை, நாற்காலி, கட்டில் எல்லாமே வேண்டும். எல்லாமே மாட்டு முதுகிலோ ஒட்டகத்தின் மேலோ ஏறவும் வேண்டும். அதனால் கழற்றிக் கட்டி எடுத்துப்போகும் தளவாடங்கள் ஒரு தனி மரபாகவே வளர்ந்தன. இரண்டாகப் பிரியும் பெட்டி அலமாரி, கால் திருகிக் கழலும் மேசை, மடக்குக் கட்டில் என்று லண்டன் கடைகள் இந்தியா போகும் அதிகாரிகளுக்காகவே செய்து விற்றன. அந்த மரபின் கடைசி வாரிசாக, ஏறக்குறைய 1898இல், ஒரு நாற்காலி வந்தது. ரூர்க்கி நாற்காலி என்று அதற்குப் பெயர்.

ரூர்க்கி இன்றைய உத்தராகண்டில் இருக்கிறது. 1853 முதல் வங்காளப் பொறியாளர் படையின் தலைமையிடம். பாலமும் பாதையும் போடுகிற பட்டாளம் என்பதால், தச்சுப் பட்டறைக்கும் கொல்லுப் பட்டறைக்கும் அங்கே குறைவில்லை. நாற்காலிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் இன்னார் என்று ஒரு பெயர் வழங்குவதில்லை. அங்கே உளி பிடித்தவர்களின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வீட்டு அலங்காரப் பத்திரிகைகளில் "ஸ்காண்டிநேவிய பாணி" என்று அடிக்கடி படம் வருமே, மெல்லிய மரச்சட்டம், அதில் தொட்டில்போல் தொங்கும் பழுப்புத் தோல், கைக்கு இரண்டு தோல் வார்? அந்த வகை நாற்காலிகளில் ஒரு பெரிய கிளை இந்த ரூர்க்கியிலிருந்து முளைத்ததுதான்.

இதை நம்பவேண்டுமானால், நாற்காலியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றினால் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். கடைசலில் உருட்டிய கால்கள் நான்கு. அந்தக் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் நான்கு. முதுகுக்கு இரண்டு சட்டங்கள், அவற்றை மாட்ட இரண்டு போல்ட். உட்காரவும் சாயவும் இரண்டு துண்டு கித்தான் அல்லது தோல். கைக்கு இரண்டு வார். இவ்வளவுதான். பசை கிடையாது, ஆணி கிடையாது. சுருட்டிக் கட்டினால் ஒரு நீளப் பைக்குள் போய்விடும்.

குறுக்குச் சட்டங்களின் முனைகளைப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். அவை சதுரமாக இல்லை. நுனிக்குப் போகப் போகச் சிறுத்து, கூம்பாக இருக்கின்றன. கால்களில் உள்ள துளைகளும் அதே சரிவில் கூம்பாகக் குடையப்பட்டவை. சட்டத்தைத் துளைக்குள் கையாலேயே செருகலாம், கையாலேயே உருவலாம். ஆள் இல்லாதபோது நாற்காலி லொடலொடவென்று ஆடும். முதல்முறை பார்ப்பவர் "இது தாங்குமா?" என்றுதான் கேட்பார்.

ஆள் உட்கார்ந்தவுடன் கதை மாறுகிறது. எதிரெதிரே உள்ள சட்டங்களைச் சுற்றி இழுத்துக் கட்டிய தோல், எடையால் கீழே தாழ்ந்து, அந்தச் சட்டங்களை உள்நோக்கி இழுக்கிறது. சட்டத்தோடு காலும் சேர்ந்து உள்ளே வருகிறது. கூம்பு முனை துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறது. எடை கூடக் கூடப் பிடி இறுகும். சாதாரண மர நாற்காலியின் எதிரி எடைதான். பலர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அதன் பசை விட்டுப்போகிறது, மூட்டு ஆட்டம் காண்கிறது. ரூர்க்கி நாற்காலி அதே எடையைக் கூலியில்லாத வேலைக்காரனாக்கிக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. மூட்டுகள் தளர்வாக இருப்பதால் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. கல்லும் குழியுமான தரையில் வைத்தாலும் ஒவ்வொரு காலும் தன் இடத்தைத் தேடிக்கொண்டு ஊன்றிவிடும். கடை நாற்காலிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதுகுச் சட்டங்களும் அப்படித்தான்: பின்கால்களில் ஒற்றை போல்ட்டில் மாட்டியிருக்கும், சாய்பவரின் முதுகுக்கு ஏற்றபடி சுழலும். நிமிர்ந்து எழுதினால் நிமிரும், சாய்ந்தால் சாயும்.

தர்மபுரி வட்டாரத்துக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுசாகத் தோன்றாது. திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ கிடக்கும் கயிற்றுக் கட்டிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். நான்கு கால்களில் துளை, துளையில் செருகிய நான்கு சட்டம், அத்தனையையும் சேர்த்துப் பிடிப்பது கயிறு. கயிற்றை அவிழ்த்தால் கட்டில் கட்டில் இல்லை, விறகு. தளர்ந்துபோனால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்து முடிந்தால் மறுபடியும் விறைக்கும். ரூர்க்கிப் பட்டறைக்காரர்கள் கயிற்றுக் கட்டிலைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இழுவிசையை நம்பி மரத்தைச் சேர்க்கும் பழக்கம் அவர்களைச் சுற்றி ஒவ்வொரு முற்றத்திலும் கிடந்தது.

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளோடு இந்த நாற்காலியும் கப்பலேறியது. முதல் உலகப்போரிலும் முகாம் முகாமாகச் சுற்றியது. போருக்குப் பிறகு வேட்டைக்காரர்களும் நாடோடிப் பயணிகளும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்து அது புகைப்படங்களில் ஐரோப்பாவுக்குத் திரும்பியது.

அங்கே இரண்டு ஊர்களில் அது கண்ணில் பட்ட கதைதான் இங்கே முக்கியம்.

முதல் கதை பாரிஸில். 1920களின் கடைசியில் லெ கோர்பூசியே, பியேர் ஜீன்னரே, ஷார்லோத் பெரியான் என்ற வடிவமைப்பாளர்கள் மூவரும் சேர்ந்து, பளபளக்கும் எஃகுக் குழாயில் ஒரு நாற்காலி செய்தார்கள். சுழலும் முதுகு, கைக்குத் தோல் வார், தொங்கும் இருக்கை. மரம் இருந்த இடத்தில் எஃகு வந்திருக்கிறதே தவிர, ஆள் அதே ஆள்தான். அந்த மூவரில் ஒருவரான ஜீன்னரே 1951இல் சண்டிகருக்கு வந்து, 1965 வரை அங்கேயே தங்கி, அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்பும் கொண்ட நாற்காலிகளை வடிவமைத்தார். பிறகு அவை உடைந்தவை, வேண்டாதவை என்று மாடியில் குவிக்கப்பட்டு, கழிவுச் சாமானாக ஏலம் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் பழுது நீக்கி, லட்சக்கணக்கில் விற்றார்கள். விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் அந்தத் தளவாடங்களை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டன.

இரண்டாவது கதை கோபன்ஹேகனில். கோர கிளிண்ட், 1888இல் பிறந்தவர், கட்டடக் கலைஞரின் மகன். டென்மார்க் அரச கலைக்கழகத்தில் 1924இல் தொடங்கிய தளவாட வடிவமைப்புப் பள்ளிக்கு அவர்தான் ஆசிரியர். அந்தக் காலத்தில் புதுமைவாதிகள் எல்லாரும் பழையதைத் தூக்கி எறி என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளிண்ட் மாணவர்களுக்கு அளவுநாடாவைக் கொடுத்தார். மனித உடம்பை அளக்கச் சொன்னார். சட்டையை மடித்தால் எவ்வளவு அகலம், ஒரு வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை கோப்பை என்று கணக்கெடுத்து, அதற்கேற்ற பெட்டியும் அலமாரியும் வரையச் சொன்னார். நன்றாகச் செய்த பழைய நாற்காலி ஒன்று கிடைத்தால் அதைப் பிரித்துப் பார், எங்கே மரம் வீணாகிறதோ அங்கே குறை, எங்கே உடம்பு உறுத்துகிறதோ அங்கே திருத்து என்பது அவர் முறை. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து புதிதாகப் படைப்பதாக அவர் என்றைக்கும் பாவனை செய்ததில்லை.

ஆப்பிரிக்கப் பயண நூல் ஒன்றின் படத்தில் அவர் பார்த்தது ரூர்க்கி நாற்காலியை. 1933இல் அதன் திருத்திய வடிவம் வெளிவந்தது. பெயர், சஃபாரி நாற்காலி. ருட். ரஸ்முஸ்ஸென் என்ற கோபன்ஹேகன் பட்டறை செய்து விற்றது. மரம் ஆஷ். அங்கே கோடரிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு போட எடுக்கும் மரம், வளையும், முறியாது. கால் மெலிந்தது, கடைசல் நேர்த்தியானது, கித்தானுக்கும் தோலுக்கும் இடம் இருந்தது. கூம்பு முனை, தளர்ந்த மூட்டு, சுழலும் முதுகு, தோல் வார்க் கை எல்லாம் ரூர்க்கியில் இருந்தது இருந்தபடியே. பிரித்துப் பெட்டியில் போட்டு அனுப்பலாம், வாங்கியவர் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். பிரித்து விற்கும் தளவாடம் என்றாலே இன்று சுவீடன் கம்பெனி ஒன்றைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

இதைத் திருட்டு என்று சொல்லித் தோள் தட்டுவது சுலபம். அது நியாயமில்லை. கிளிண்ட் மூலத்தை மறைக்கவில்லை. மேலும், ரூர்க்கி நாற்காலியே நம் பாட்டன் சொத்து என்று உரிமை கொண்டாடக்கூடியதும் அல்ல. அது ஒரு ஆளும் படைக்காக அதன் முகாமில் பிறந்தது. குறை சொல்லவேண்டுமென்றால் பின்னால் வந்த விற்பனைச் சீட்டுகளைத்தான் சொல்லவேண்டும். "ஸ்காண்டிநேவிய எளிமை" என்ற இரண்டு சொல்லில் ரூர்க்கியும் போயர் போரும் ஆப்பிரிக்காவும் காணாமல் போய்விட்டன.

கிளிண்டின் மாணவர்களில் பொர்கே மோகென்சன் தனியாகப் பேசப்படவேண்டியவர். டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம், சம்பளக்காரர் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் தளவாடம் செய்ய 1942இல் ஒரு பிரிவைத் தொடங்கியபோது அதன் தலைமைக்கு வந்தவர். 1947இல் அவர் வரைந்த கயிறு பின்னிய நாற்காலிக்கு "மக்கள் நாற்காலி" என்றே பெயர். ஆனால் தோல் நாற்காலி என்றால் அவர் 1958இல் செய்த "ஸ்பானிய நாற்காலி"தான். ஸ்பெயின் பயணத்தில் பார்த்த பழைய நாற்காலிகளின் சாயல். கனத்த ஓக் சட்டம், பலகைபோல அகன்ற கைப்பிடி. கோப்பையை வைக்க வேறு மேசை தேவையில்லை. நம் ஊர்த் தாத்தாக்களின் ஈசிசேரில் நீட்டிய கை எதற்கு இருந்ததோ அதற்குத்தான் இதுவும். இருக்கையும் முதுகும் குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் தடித்த தோல். தோலின் ஓரங்கள் சட்டத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், பக்கிள் போட்ட வார்களால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து தோல் தொய்ந்தால், இடுப்பு பெல்ட்டை இறுக்குவதுபோல ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கிள்கள் அழகுக்கு வைத்தவை அல்ல.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபின் யூல் 1949இல் காட்சிக்கு வைத்த தேக்கும் தோலும் கொண்ட பெரிய சாய்வு நாற்காலியில் டென்மார்க் அரசர் ஒன்பதாம் ஃபிரெடரிக் உட்கார்ந்து பார்த்தார். அதற்குத் "தலைவர் நாற்காலி" என்ற பெயர் நிலைத்தது. செருப்புத் தைப்பவரின் மகனான ஹான்ஸ் வெக்னர் அதே ஆண்டு வரைந்த வட்ட நாற்காலியில், 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோ தொலைக்காட்சி விவாதத்தில் கென்னடியும் நிக்சனும் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் டேனிஷ் நாற்காலிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. சுவீடனில் ஆர்னே நோரெல் 1960களில் "சிரோக்கோ" என்று ஒன்று செய்தார். அது மறுபடியும் ரூர்க்கி வழிதான்: வார், பக்கிள், தொங்கும் தோல்.

டென்மார்க்கில் தேக்கு விளையாது. பீச்சும் ஓக்கும்தான் அங்கத்திய மரம். அப்புறம் எப்படி 1950களில் டேனிஷ் நாற்காலி என்றாலே தேக்கு என்றானது? ஹெச். என். ஆண்டர்சன் என்ற டேனிஷ் மாலுமி 1880களில் பாங்காக்கில் வியாபாரம் தொடங்கி, சயாம் தேக்கைக் கப்பலேற்றினார். 1897இல் கோபன்ஹேகனில் கிழக்காசிய கம்பெனியை நிறுவினார். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்த வழியாகத் தாய்லாந்துத் தேக்கு டென்மார்க் பட்டறைகளுக்குத் தாராளமாக வந்தது. டேனியர்கள் கிழக்கே வந்தது அதற்கும் வெகுகாலம் முன்பு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அங்கே இருந்தார்கள். அவர்கள் அங்கிருந்து ஏற்றியது பெரும்பாலும் துணியும் மிளகும்தான்.

மரக்கதை இப்படி என்றால், தோல்கதை இண்டூர்ச் சாலையோரத்துக்கே வருகிறது.

தொங்கும் தோல் இருக்கைக்கு எந்தத் தோலும் ஆகாது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பத்தில் எட்டுக்கு மேல் குரோமிய உப்பால் பதனிடப்படுவது. மென்மையாக இருக்கும், சீக்கிரம் தயாராகும், எந்தச் சாயமும் ஏறும். சோபா மெத்தைக்கு உறை போட அது சரி. ஆனால் அடியில் மெத்தையோ பலகையோ இல்லாமல் ஒரு ஆளின் எடையைத் தானே தாங்கவேண்டும் என்றால், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த தோல்தான் நிற்கும். விறைப்பாக இருக்கும், அதிகம் நீளாது, வெட்டிய ஓரம் பிசிறாது, வருடம் போகப் போக நிறம் தேறும். மோகென்சனின் நாற்காலியில் உள்ளது அந்த வகைதான்.

தமிழ்நாட்டில் அந்தப் பட்டையைத் தந்தது ஆவாரை. தர்மபுரி, சேலம் பக்கத்தில் ஆவாரையைத் தெரியாதவர் இருக்க முடியாது. மானாவாரி நிலத்து வரப்பிலும் கரட்டு மேட்டிலும் யாரும் நடாமல் தானே வளரும். பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டும்போது பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூ சேர்ந்து இறவாரத்தில் ஏறும். அதன் பட்டையில் சுமார் 18 விழுக்காடு டானின் என்ற துவர்ப்புச் சத்து இருக்கிறது. அதுதான் தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது.

பதனிடும் வேலை அவசரத்துக்கு அடங்காதது. உப்புக்கட்டி வந்த பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரைச் சுரண்டி, சதையைச் சீவி, பிறகு பட்டைச் சாற்றில் இறக்குவார்கள். முதலில் நீர்த்த சாறு, அப்புறம் கொஞ்சம் கெட்டியான சாறு, அதற்கப்புறம் இன்னும் கெட்டி. எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே பச்சையாக நின்றுவிடும். இப்படி வாரக்கணக்கில் போகும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குறை உண்டு, வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அந்தச் சிவப்பைத் தடுத்து, இளமஞ்சள் நிறத்தைக் காப்பாற்றிக்கொடுக்கும். எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித் தராமல் தோல்ஷாப்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்து இது.

இந்தத் தோலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் "ஈ.ஐ. தோல்" என்று பெயர், கிழக்கிந்தியத் தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தமிழ்நாடு முழுக்க இதற்குத் தோல்ஷாப்கள் இருந்தன. லண்டன் சந்தைக்குப் போய், அங்கே மெருகேறி, செருப்பாகவும் பையாகவும் புத்தக அட்டையாகவும் ஆனது. பிற்பாடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையை ஓரங்கட்டியது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் மரத்தை நட்டு வளர்த்தார்கள். அது சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கியது வேறொரு துயரம்.

குரோமியம் சென்னைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் நடத்திய சோதனைகளால். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் எழுந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர். அடுத்த கட்டத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு 1973இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இங்கேயே ஷூவாகவும் உடையாகவும் முடித்து அனுப்புங்கள், லாபம் இங்கேயே நிற்கட்டும் என்பது நோக்கம். வேலைவாய்ப்பு பெருகியது உண்மை. குரோமியத் தோலின் பங்கும் கூடவே பெருகியது.

அதன் விலையைப் பாலாறு கொடுத்தது. தோல்ஷாப்களின் கழிவுநீரால் வேலூர்ப் பகுதிக் கிணறுகள் கெட்டு, நிலம் உவர்ந்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கின் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பட்டைப் பதனீடு மட்டும் சுத்த சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் அதிலும் உண்டு, கழிவுநீரும் உண்டு. குரோமியம் இல்லை என்பதுதான் வித்தியாசம். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு முறைகளிலும் தண்ணீரையும் ரசாயனத்தையும் குறைக்கும் வழிகளைத் தேடிவருகிறது. ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஒரு ஆறுதல். ஆனால் குறியீட்டைக் காட்டி அதை விற்கும் கடையை ஊருக்குள் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

சஃபாரி நாற்காலி இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. ருட். ரஸ்முஸ்ஸெனை 2011இல் வாங்கிய கார்ல் ஹான்சன் அண்ட் சன் கம்பெனி செய்கிறது. ஸ்பானிய நாற்காலியும் கிடைக்கிறது, விலை சில லட்சங்கள். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர்கள் ரூர்க்கி நாற்காலியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். கிறிஸ்டபர் ஷ்வார்ஸ் என்ற தச்சர் 2014இல் முகாம் தளவாடங்களைப் பற்றிப் புத்தகமே போட்டார். அங்கே அதற்கென்று கூம்புத் துளை போடும் உளிமுனையைத் தனியாக வாங்குகிறார்கள்.

இங்கே செய்தால் என்ன ஆகும்? கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரிக்குக் கால்கள் பெரிய வேலை இல்லை. கட்டில் காலும் தொட்டில் காலும் உருட்டிய கை அது. மரத்துக்கு ஆஷ் தேடி அலையவேண்டாம், நன்றாகக் காய்ந்த தேக்கோ வாகையோ போதும். பச்சை மரத்தில் மட்டும் செய்யக் கூடாது. தர்மபுரி வெயிலில் மரம் சுருங்கும்போது வட்டத் துளை நீள்வட்டமாகி, கூம்பு முனையின் பிடி போய்விடும். முனைக்கும் துளைக்கும் ஒரே சரிவு அமைவதுதான் இதில் உள்ள ஒரே கண்டிப்பு. சட்டத்தின் முனையில் கரியைத் தடவிச் செருகிப் பார்த்து, துளைக்குள் கரி எங்கே ஒட்டவில்லையோ அங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கலாம்.

தோலைத் தைக்க, பையும் பெல்ட்டும் தைக்கும் கை போதும். எருமைத்தோல், பட்டையில் பதனிட்டது, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் வேண்டும். இங்கத்திய காற்று வறண்டது என்பதால் பூஞ்சைத் தொல்லை கடற்கரை ஊர்களைவிடக் குறைவு. ஆனால் முற்றத்து வெயிலில் போட்டு வைத்தால் தோல் காய்ந்து வெடிக்கும். நிழலில் வைத்து, வருடத்துக்கு ஓரிரு முறை எண்ணெய் துடைத்தால் பல வருடம் உழைக்கும். வாங்கும்போது முதுகுப் பகுதித் தோலா என்று கேட்டு வாங்கவேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் மலிவாகக் கிடைக்கும், பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நார் தளர்ந்த பாகம் அது. ஆள் உட்கார்ந்த நாலு மாதத்தில் தொய்ந்துவிடும், பக்கிளில் எத்தனை துளை போட்டாலும் பிடிக்காது.